இண்டிகேட்டரோடு சேர்ந்து மினுங்கிய சிவப்பு விளக்கு

ஓர் இரவு திருப்பத்தில் இண்டிகேட்டரைப் போட்டேன். ஸ்பீடோமீட்டர் முகப்பில் இருக்கும் சிவப்பு இக்னிஷன் விளக்கு, இண்டிகேட்டரின் ஒவ்வொரு 'டிக்'குக்கும் ஒரு தடவை மங்கலாக எரிந்து அணைந்தது. பகலாக இருந்திருந்தால் கண்ணிலேயே பட்டிருக்காது, அவ்வளவு மங்கல். இண்டிகேட்டரை நிறுத்தினேன், சிவப்பும் நின்றது. பிரேக்கை மிதித்தேன். மிதித்திருக்கும் வரை மறுபடி ஒரு சிவப்புச் சாயல். வைப்பரையும் சேர்த்துப் போட்டதும் இன்னும் கொஞ்சம் கூடியது.

வண்டி 1966 மாடல் மோரிஸ் மைனர் 1000. 1098 சிசி இஞ்சின், டைனமோ (இஞ்சினோடு சுற்றிப் பேட்டரியைச் சார்ஜ் செய்வது), கட்அவுட் பெட்டி (டைனமோவைப் பேட்டரியோடு இணைத்துப் பிரிப்பது), பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருப்பது). இழுத்து ஸ்டார்ட் செய்யும் பழைய குமிழ் போய், சாவியைத் திருப்பினாலே செல்ஃப் எடுக்கும் சுவிட்ச் 1964 அக்டோபரில் இந்த மாடலுக்கு வந்துவிட்டது. அதனால் என் வண்டியில் இருப்பது சாவி சுவிட்ச்தான். அந்தச் சுவிட்ச்தான் இந்தக் கதை. ஆனால் அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

சிவப்பு விளக்கு எரிந்தால் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று அர்த்தம், இதுதான் எனக்குத் தெரிந்த பாடம். அந்தப் பாடத்தை நம்பி டைனமோவைக் கழற்றினேன். கார்பன் பிரஷ் மாற்றினேன், கம்யூட்டேட்டரைத் துடைத்தேன், பெல்ட்டை இறுக்கினேன், கட்அவுட் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பயந்து மூடினேன். எல்லாம் முடிந்தபின் பேட்டரியில் மீட்டரை வைத்தால், இஞ்சினைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் 13.8 வோல்ட். ஆக, சார்ஜ் நன்றாகவே ஆகிக்கொண்டிருந்தது. டைனமோவைக் கழற்றுவதற்கு முன்பே இதை அளந்திருக்க வேண்டும்.

பழைய வண்டிகளிலேயே கைவைத்து வயதான மெக்கானிக் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் வண்டியைக் காட்டினேன். பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, இஞ்சின் ஓடும்போதே எல்லாச் சுவிட்சையும் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருந்தார். அப்புறம் சாவியைச் சுற்றியிருக்கும் வளையத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இதைத் தொட்டுப் பாருங்க."

தொட்டேன். வெதுவெதுப்பு என்று சொல்ல முடியாது, அதற்கும் மேலே.

"சூடு இருக்குற இடத்துலதாங்க கரண்ட் தொலையுது. டைனமோவை எதுக்குக் கழட்டுனீங்க?"

பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, அண்ணே என்று இழுத்ததோடு சரி.

அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து வயரிங் படத்தோடு வைத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. டைனமோ வண்டிகளில் அந்தச் சிவப்பு பல்பின் ஒரு கால் சாவி சுவிட்சிலிருந்து வரும் வெள்ளை வயரில் இருக்கிறது, மறுகால் டைனமோவின் டி டெர்மினலில், அதாவது டைனமோவின் கரண்ட் வெளியே வரும் முனையில். சாவியைத் திருப்பும்போது டைனமோ சுற்றவில்லை. எனவே சுவிட்சிலிருந்து பல்பு வழியாக டைனமோவுக்குள் போய் எர்த் ஆகிறது, பல்பு எரிகிறது. இஞ்சின் ஓடி டைனமோ வோல்டேஜ் ஏறியதும் இரண்டு கால்களிலும் ஒரே அளவு, பல்பு அணைகிறது. அதாவது அந்த விளக்குக்குச் 'சார்ஜ்' என்ற சங்கதியே தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இருந்தால் எரியும், அவ்வளவுதான். என் வண்டியில் டைனமோ பக்கம் சரியாக இருந்தது. சுவிட்ச் பக்கம்தான் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் இறங்கியிருந்தது. இண்டிகேட்டர் எரியும் ஒவ்வொரு முறையும் சுவிட்ச் வழியாக இன்னும் மூன்றரை ஆம்பியர் கூடுதலாகப் போகும், அந்த நேரத்தில் வெள்ளை வயரின் வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் சரியும், சிவப்பு மினுங்கும்.

ஹெட்லைட் போட்டால் மட்டும் ஏன் இவ்வளவு மினுங்கவில்லை என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருந்தது. இந்த வண்டியில் ஹெட்லைட்டுக்கான கரண்ட் சாவி சுவிட்ச் வழியாகப் போவதில்லை. இஞ்சினுக்கான காயில் (பிளக்கின் தீப்பொறிக்கு உயர் வோல்டேஜ் தருவது), பெட்ரோல் பம்ப், வைப்பர், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், பெட்ரோல் முள் ஆகியவை மட்டுமே சாவியைத் தாண்டிப் போகின்றன. எதைப் போட்டால் கோளாறு கூடுகிறது, எதைப் போட்டால் கூடவில்லை என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால், ஸ்பேனரைத் தொடாமலே பாதி வழி போயிருக்கலாம்.

அடுத்து நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மல்டிமீட்டரின் 'பீப்' சத்தத்தை நம்பினேன். சுவிட்சின் இரண்டு டெர்மினலில் வைத்தேன், பீப் அடித்தது. ஓம் அளவில் 0.3 காட்டியது. இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்தாலும் அதே 0.3தான் காட்டியது, அது மீட்டர் வயரின் எதிர்ப்பு. இங்கே தேடுவது பத்தில் ஒரு பங்கு ஓம். சாதாரண மீட்டரில் ஓம் அளவை வைத்து அதைப் பிடிக்கவே முடியாது. டெஸ்ட் லேம்பும் அப்படித்தான். இருபத்தெட்டு இழையில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் சின்ன பல்பு ஜம்மென்று எரியும்.

பிடிக்கும் வழி, சுமையோடு வோல்டேஜ் இழப்பை அளப்பது. சாவி ஆனில், இஞ்சின் ஓடாமல், பாயிண்ட் (காயிலின் கரண்டை விட்டு விட்டு இணைக்கும் தொடர்பு) மூடியிருக்கும் நிலையில் வைத்துக்கொண்டேன். வைப்பரைப் போட்டேன். பிரேக்கை மிதித்துப் பிடிக்க வீட்டில் ஒருவரை உட்கார வைத்தேன். மீட்டரை 20 வோல்ட் அளவில் வைத்து, ஒரு முள் பேட்டரியின் எர்த் அல்லாத முனையில் (என் வண்டியில் அது நெகட்டிவ்), மறுமுள் காயிலின் எஸ்.டபிள்யூ டெர்மினலில், அதாவது சுவிட்சிலிருந்து வரும் வயர் மாட்டும் இடத்தில். எல்லாம் ஒழுங்காக இருந்தால் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். எனக்கு 1.9 வோல்ட் காட்டியது.

பிறகு அதையே துண்டுதுண்டாக அளந்தேன். பேட்டரியிலிருந்து சுவிட்சுக்கு வரும் பழுப்பு வயர் வரை 0.4. சுவிட்சுக்குள்ளே மட்டும் 1.2. சுவிட்சிலிருந்து காயில் வரை 0.3. கூட்டினால் 1.9. அப்போது ஓடிய கரண்ட் சுமார் 10 ஆம்பியர். 1.2 வோல்ட்டைப் பத்தால் பெருக்கினால் 12 வாட். ஒரு சின்ன சாலிடரிங் அயர்னை டேஷ்போர்டுக்குப் பின்னால் செருகி வைத்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறேன்! இதில் ஸ்டார்ட் செய்யும் நேரம் இன்னும் மோசம். செல்ஃப் சுற்றும்போது பேட்டரியே 10 வோல்ட்டுக்கு இறங்கும். அதிலும் கிட்டத்தட்ட 2 போனால் காயிலுக்கு மிஞ்சுவது 8தான். குளிர்ந்த காலையில் வண்டி முரண்டு பிடித்ததற்கு நான் சோக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த அளவை எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. இஞ்சின் ஓடாமல் சாவியை ஆனிலேயே விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். பாயிண்ட் மூடியிருந்தால் காயிலில் தொடர்ந்து நான்கு ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும், காயில் கொதிக்கும். அளந்தவுடன் அணைத்துவிட வேண்டும். காயில் வேண்டாத சோதனை என்றால் அதன் வயரைக் கழற்றி, நுனியை டேப் சுற்றி வைத்துவிடலாம்.

கழற்றும் வேலைக்கு முன்னால் பேட்டரி. எந்த முனை எர்த்தோ அதை முதலில் கழற்ற வேண்டும், பாசிட்டிவா நெகட்டிவா என்பதல்ல கணக்கு. எர்த் முனையைத் திருகும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மற்ற முனையைத் திருகும்போது பட்டால் ஸ்பேனரே சிவக்கும். புது வண்டிகளில் பழகிய கை நேராக நெகட்டிவ்வுக்குப் போகும். இந்த வண்டியில் அதுதான் தவறான முனை. நான் எர்த் கேபிளின் மேல் பச்சை டேப் சுற்றி வைத்திருக்கிறேன், அவசரத்தில் யோசிக்க வேண்டாம் பாருங்கள்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தபோது எனக்கு முன்னால் கைவைத்த எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஒருவர் ரேடியோவுக்காக வெள்ளை வயரின் தோலைச் சீவி, இன்னொரு வயரை முறுக்கி, மேலே டேப் சுற்றியிருந்தார். இன்னொருவர் சின்ன மின்விசிறிக்காக அதே முறுக்கின்மேல் இன்னொரு முறுக்கு. டேப்பின் பசை சூட்டில் உருகி, கருப்புப் பாகு மாதிரி எல்லாவற்றிலும் ஒட்டியிருந்தது. இரண்டு கருவிகளும் வண்டியில் இப்போது இல்லை. அவற்றின் வயர்கள் மட்டும் எங்கோ போய் முடிந்திருந்தன, அதில் ஒன்றின் நுனியில் செம்பு வெளியே தெரிந்தது. இந்த வண்டியில் பழுப்பு வயருக்கும் வெள்ளை வயருக்கும் ஃப்யூஸ் கிடையாது. அந்த நுனி பாடியில் உரசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைய பிரிட்டிஷ் வண்டிகளில் நிறங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பழுப்பு, எப்போதும் கரண்ட் இருப்பது, ஃப்யூஸ் இல்லாதது. கட்அவுட்டிலிருந்து சுவிட்சுக்கு வரும் வயரில் சில வண்டிகளில் பழுப்பின்மேல் நீலக்கோடு இருக்கும். வெள்ளை, சாவி போட்டால் கரண்ட், ஃப்யூஸ் இல்லை. பச்சை, அதே வெள்ளை ஃப்யூஸைத் தாண்டிய பிறகு. வெள்ளையில் சிவப்புக்கோடு, சுவிட்சிலிருந்து ஸ்டார்டர் சோலனாய்டுக்கு (செல்ஃபுக்குப் பெரிய கரண்டை விடும் மின்காந்த சுவிட்ச்). கருப்பு எர்த். இது மனதில் இருந்தால் பாதி வயரிங் படம் கையில் இருக்கிற மாதிரி.

ஆனால் ஐம்பது அறுபது வருடச் சூட்டில் வெள்ளை பழுப்பாகிவிடுகிறது. என் வண்டியின் சுவிட்சுக்குப் பின்னால் ஐந்து வயர், ஐந்தும் டீ டிகாஷன் நிறம். எது பழுப்பு, எது பழுப்பான வெள்ளை? வயர்க்கட்டின் துணி டேப்பை நான்கைந்து அங்குலம் பிரித்தால் உள்ளே வெளிச்சமும் தூசியும் படாத இடத்தில் அசல் நிறம் தெரியும். அங்கே பார்த்து, ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, எந்த டெர்மினல் என்று பேனாவால் எழுதிய பிறகே கழற்றினேன். செல்போனில் படம் எடுத்தால் போதும் என்று சொல்வார்கள். எடுத்தேன். படத்திலும் ஐந்தும் டிகாஷன்தான்.

சுவிட்சை முன்பக்கம் ஒரு வளைய நட்டு பிடித்திருக்கிறது. அதைக் குறடால் திருகினால் பளபளப்பு போய்விடும். பழைய ஸ்பேனர் துண்டை அரத்தால் ராவி, வளையத்தின் வெட்டில் உட்கார்கிற மாதிரி ஒரு கருவி செய்துகொண்டேன். முக்கால் மணி நேர வேலை. செய்யாமல் ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தட்டியிருந்தால் ஐந்து நிமிடம், வளையத்தில் ஆயுளுக்கும் ஒரு கீறல்.

பூட்டு உருளையைத் தனியாக எடுப்பதில் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. சுவிட்சின் உடலில் பக்கவாட்டில் ஊசி நுழைகிற அளவு ஒரு துளை. சாவியைச் செருகிக் கொஞ்சம் திருப்பி, அந்தத் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டு அழுத்தினால் உள்ளே இருக்கும் சின்ன பிடிப்பு இறங்கும், உருளை சாவியோடு வெளியே வந்துவிடும். இதனால் சுவிட்ச் மாறினாலும் பழைய சாவியையே வைத்துக்கொள்ளலாம், புது சுவிட்ச் அதே வகையாக இருந்தால். பூட்டின் முகப்பிலோ சாவியிலோ எழுத்தும் எண்ணுமாக ஒரு குறி இருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொண்டால் சாவி தொலைந்தாலும் அந்த எண்ணுக்கு வேறு சாவி வாங்க முடியும்.

சுவிட்சின் பின்புறத் தகட்டைப் பிடித்திருக்கும் மடிப்புகளை மெல்ல நிமிர்த்தித் திறந்தேன். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் திறந்ததால் உள்ளிருந்த ஸ்பிரிங்கும் குண்டும் பைக்குள்ளேயே விழுந்தன. இந்த ஒரு யோசனைக்காக மட்டும் என்னை நானே பாராட்டிக்கொள்கிறேன். உள்ளே பழைய கிரீஸ் கருத்துக் கெட்டியாகி, செம்புப் பரப்பில் குழி விழுந்திருந்தது. மிக மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஐசோபிரோபைல் ஆல்கஹாலில் கழுவினேன். பளபளவென்று ஆகிவிட்டது. ஆனால் உண்மையான நோய் அங்கே இல்லை. வெளியே தெரியும் தட்டை டெர்மினலையும் உள்ளே இருக்கும் செம்பையும் ஒரு ரிவெட்தான் இணைக்கிறது. விரலால் டெர்மினலை ஆட்டினால் ரிவெட்டில் மயிரிழை ஆட்டம். சூடாகி, ஆறி, சூடாகி, ஆறி, பேக்கலைட் (சுவிட்சின் பழைய வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) கொஞ்சம் சுருங்க, ரிவெட் தளர்ந்து, தளர்ந்ததால் இன்னும் சூடாகி... இப்படியே வருடக்கணக்கில் போயிருக்கும்.

ரிவெட்டைப் பஞ்ச் வைத்துத் தட்டி இறுக்கினேன். மாட்டி அளந்தால் சுவிட்சுக்குள் இழப்பு 0.2. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வாரம் கழித்து அளந்தேன், 0.7. சூட்டில் வெந்த பேக்கலைட் மறுபடி இறுக்கத்தைத் தாங்கவில்லை. பழையதையே பழுதுபார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு, இன்னமும் உண்டு. ஆனால் தளர்ந்த ரிவெட்டுக்கு அந்த ஆசை பொருந்தாது. அழுக்கும் கெட்டிக் கிரீஸும் என்றால் சுத்தம் செய்து பல வருடம் ஓட்டலாம். ரிவெட் ஆடினால் புது சுவிட்ச்.

புது சுவிட்ச் வந்தது, நான்கு டெர்மினல். பழையதில் மூன்றுதான். கூடுதலானது ரேடியோ மாதிரி துணைக் கருவிகளுக்கானது. என் சுவிட்சில் டெர்மினல் எண் எதுவும் அச்சாகவில்லை. சரி, மீட்டர் இருக்கிறதே என்று சாவியை ஆனில் வைத்து அளந்தேன். இரண்டு டெர்மினலில் தொடர்பு இருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து, கைக்கு எட்டிய ஒன்றில் வெள்ளை வயரை மாட்டினேன்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியது. வண்டி எடுக்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சலித்துப்போய்ச் சாவியை விட்ட கணத்தில் ஒரு வெடி, இஞ்சின் ஓட ஆரம்பித்தது. மறுபடி அணைத்துப் போட்டாலும் அதே கதை. சுற்றும்வரை மௌனம், விட்டதும் பிடித்துக்கொள்ளும். நான் கார்புரேட்டரைத் திறந்தேன். (ஆம், டைனமோவைக் கழற்றிய அதே ஆள்தான்.) மதியம் முழுவதும் மிதவையையும் ஜெட்டையும் பார்த்த பிறகுதான் பொறி தட்டியது. துணைக் கருவிகளுக்கான டெர்மினல் ஸ்டார்ட் செய்யும்போது அணைந்துவிடும், செல்ஃபுக்கு முழு கரண்டும் கிடைப்பதற்காக. நான் காயிலை அதில் மாட்டியிருந்தேன். செல்ஃப் சுற்றும் நேரமெல்லாம் பிளக்கில் தீப்பொறியே இல்லை. சாவியை விட்டதும் இஞ்சின் இன்னும் ஓரிரு சுற்றுச் சுழலும் அல்லவா, அந்த மிச்சச் சுழற்சியில்தான் பிடித்திருக்கிறது.

எந்தச் சுவிட்சானாலும் சாவியின் ஒவ்வொரு நிலையிலும் அளக்க வேண்டும். முக்கியமாக, ஸ்பிரிங்கை எதிர்த்துப் பிடித்திருக்கும் ஸ்டார்ட் நிலையில். அந்த நிலையிலும் உயிரோடு இருப்பதுதான் இக்னிஷன் டெர்மினல். அப்போது மட்டும் உயிர் பெறுவது சோலனாய்டுக்கானது. இது சுவிட்சை மேசையில் வைத்தே இரண்டு நிமிடத்தில் முடியும் வேலை.

வயருக்கு வருகிறேன். தோல் விறைத்து, வளைத்தால் வெடிக்கிற பகுதியை முழுவதும் வெட்டினேன். நல்ல வயர் கிடைக்கும் வரை பின்னோக்கிப் போனால் ஒரு முழம் போயிற்று. சூட்டில் வெந்த வயரின் செம்பு உள்ளே கறுத்திருக்கும், அதில் எதை மாட்டினாலும் பிடிக்காது. வெட்டிய நுனியில் செம்பு பளீரென்று சிவப்பாக இருக்கும் வரை போக வேண்டும். வயரின் பருமனை இழைக் கணக்கில் சொல்வார்கள். 0.30 மில்லிமீட்டர் இழை 14 என்றால் 1 சதுர மில்லிமீட்டர், சுமார் 8.75 ஆம்பியர் தாங்கும். 28 இழை என்றால் 17.5. 44 இழை என்றால் 27.5. சுவிட்சுக்கு வரும் பழுப்புக்கு 44 இழையும் வெள்ளைக்கு 28 இழையும் போட்டேன். நிறம் மட்டும் அசல் ஒழுங்கின்படியே. கையில் இருக்கிறதே என்று சிவப்பு வயரை மாட்டினால் அடுத்து கைவைப்பவர் என்னைத் திட்டுவார். அந்த அடுத்தவர் பெரும்பாலும் நானாகவே இருப்பேன்.

டெர்மினலைச் சாலிடர் செய்வதா, கிரிம்ப் செய்வதா (கருவியால் அழுத்தி வயரைப் பிடிக்க வைப்பதா) என்று ஆளாளுக்கு ஒரு கட்சி. சுவிட்சுக்குப் பின்னால் நான் கிரிம்ப் கட்சி. சாலிடர் வயருக்குள் ஏறி உறையும் இடத்தில் வயர் கம்பி மாதிரி விறைத்துவிடும். அதிர்வில் சரியாக அந்த விளிம்பில்தான் முறியும். ஆனால் குறடால் நசுக்குவது கிரிம்ப் இல்லை. இரண்டு காது வைத்த பித்தளை டெர்மினலும் அதற்கேற்ற கிரிம்பிங் கருவியும் வேண்டும். ஒரு காது செம்பைப் பிடிக்கும், மற்றொன்று வயரின் தோலைப் பிடிக்கும். செய்து முடித்ததும் நன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். நான் முதலில் செய்த ஆறில் இரண்டு கையோடு வந்துவிட்டன. ரப்பர் உறையைக் கிரிம்ப் செய்வதற்கு முன்னால் வயரில் கோர்க்க மறந்தது எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்.

எல்லா வெள்ளை வயர்களையும் ஒரே டெர்மினலில் முறுக்கித் திணிப்பதும் நின்றது. கிளை வைத்த தட்டை டெர்மினல் வைத்து ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கொடுத்தேன். கட்அவுட்டிலும் ஃப்யூஸ் பெட்டியிலும் உள்ள டெர்மினல்களைக் கழற்றிச் சுத்தம் செய்ததில் அந்த 0.4 பாதியானது. வயர் இஞ்சின் பக்கம் போகும் தகட்டுத் துளையில் ரப்பர் குரோமெட் காய்ந்து உதிர்ந்திருந்தது. அதையும் மாற்றினேன்.

ரிலே (சின்னக் கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டை விடும் சுவிட்ச்) போடலாமா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கட்டும், பெரிய கரண்ட் ரிலே வழியாகப் போகட்டும், சுவிட்ச் சூடாகவே ஆகாது. நல்ல யோசனை. காயில், பம்ப், ஃப்யூஸ் பெட்டி எல்லாவற்றையும் ரிலேக்கு மாற்றினேன். சுவிட்சிலிருந்து கரண்ட் வெளியேறும் பக்கத்தில் ரிலேயின் சுருளும் அந்தச் சிவப்பு பல்பும் மட்டும் மிஞ்சின. ஸ்டார்ட் ஆனது, அருமையாக ஓடியது. அணைப்பதற்காகச் சாவியைத் திருப்பி வெளியே எடுத்தேன். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சாவி என் கையில், வண்டி பாட்டுக்கு ஓடுகிறது! நான்காவது கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக் கிளட்சை விட்டுத்தான் நிறுத்தினேன்.

மறுபடி அந்தச் சிவப்பு பல்பின் வேலை. சாவியை அணைத்தாலும் டைனமோ சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் டி டெர்மினலிலிருந்து பல்பு வழியாகப் பின்னோக்கி வந்த கொஞ்சக் கரண்ட், ரிலேயின் சுருளை விடாமல் பிடித்துக்கொள்ளப் போதுமானதாக இருந்தது. ரிலே மூடியிருந்ததால் காயிலுக்குக் கரண்ட், அதனால் இஞ்சின் ஓட்டம், அதனால் டைனமோ. பல்பின் சுவிட்ச் பக்கக் காலை ரிலேயிலிருந்து கரண்ட் வெளியேறும் பக்கத்துக்கு, அதாவது 87ஆம் முனைக்கு, மாற்றினால் இந்தச் சுழல் அறுந்துவிடும். நான் வேறு மாதிரி செய்தேன். காயிலையும் பம்ப்பையும் பழையபடி நேராகச் சுவிட்சுக்கே கொண்டுவந்தேன், ஃப்யூஸ் பெட்டிக்குப் போகும் பச்சை வயர்க் கூட்டத்தை மட்டும் ரிலேயில் விட்டேன். சாவியை அணைத்தால், பல்பு வழி வருகிற கொஞ்சத்தைக் காயிலே விழுங்கிவிடும், ரிலே விழுந்துவிடும். ரிலே செத்தாலும் வைப்பரும் இண்டிகேட்டரும் போகும், வண்டி வீடு வந்து சேரும். பாசிட்டிவ் எர்த் வண்டியில் ரிலே வாங்கும்போது உள்ளே டையோடு (ஒரு திசையில் மட்டும் கரண்டை விடுவது) இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். டையோடு இருந்தால் சுருளின் 85, 86 முனைகளை மாற்றி மாட்ட வேண்டியிருக்கும்.

ரிலேக்கு வரும் பழுப்பு வயரில் 25 ஆம்பியர் ஃப்யூஸ், பம்ப்புக்கு 5 ஆம்பியர். காயிலுக்கு ஃப்யூஸ் போடவில்லை, வேகமாகப் போகும்போது ஒரு ஃப்யூஸ் போய் இஞ்சின் அணைவது எனக்குப் பயம். இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வேலை முடிந்ததும் பேட்டரியை நேராக மாட்டிவிடவில்லை. எர்த் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் ஒரு 21 வாட் பிரேக் பல்பை வைத்தேன். எங்காவது வயர் பாடியில் பட்டிருந்தால் பல்பு முழுப் பிரகாசத்தில் எரியும், வயர் எரியாது. எல்லாவற்றையும் அணைத்து வைத்திருந்தபோது பல்பு எரியவில்லை. சாவியைப் போட்டதும் காயிலுக்காக எரிந்தது, காயில் வயரைக் கழற்றியதும் மங்கியது. பிறகுதான் கேபிளை இறுக்கினேன். இந்தப் பல்பு வைத்தியத்தை எனக்குச் சொன்னவரும் அதே மெக்கானிக் அண்ணன்தான்.

சாவிக் கொத்தையும் இளைக்க வைத்தேன். முன்பு அதில் வீட்டுச் சாவி, அலுவலகச் சாவி, ஒரு பாட்டில் திறப்பான் எல்லாம் தொங்கி, ஒவ்வொரு குழியிலும் பூட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தன. இப்போது ஒரே சாவி. பூட்டுக்கு எண்ணெய் விடுவதில்லை. எண்ணெய் தூசியைச் சேர்த்து உள்ளே இறங்கி மறுபடி அந்தக் கருப்புப் பாகாகும். கிராஃபைட் பொடி ஒரு சிட்டிகை போதும்.

கடைசியாக அளந்தபோது பேட்டரியிலிருந்து காயில் வரை மொத்த இழப்பு 0.3 வோல்ட். சிவப்பு விளக்கு இண்டிகேட்டர் போட்டாலும் அசையவில்லை. இண்டிகேட்டரின் சத்தம்கூட மாறிவிட்டது, முன்பு சோம்பலாக அடித்தது இப்போது படபடவென்று அடிக்கிறது. அந்தச் சோம்பல்தான் இந்த வண்டியின் சுபாவம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். காலையில் சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் வேகமாக ஏழெட்டு 'டிக்' அடித்து, கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் நின்றுவிடுகிறது. அது நிற்கும்வரை காத்திருந்து, அப்புறம் செல்ஃப் எடுக்கிறேன்.